முட்டு பிரிக்காத பாலம்

9 செப்டம்பர் 2022

காலையிலிருந்து வாட்ஸ்அப்பில் ஒரே வீடியோ. காங்கோவில், கின்ஷாசா பக்கம், புதிதாகக் கட்டிய நடைபாலம். அதிகாரிகள் பாலத்தின் மேலேயே நெருக்கியடித்து நின்று ரிப்பன் வெட்டுகிறார்கள். வெட்டிய கையோடு பாலம் உடைந்து உட்காருகிறது. நல்லவேளை, அடியில் சின்ன ஓடைதான். எங்கள் ஊர் குரூப்பில், "புதன்கிழமை நாமளும் நேர்லயே பாத்துடலாம்" என்று ஒருத்தன் எழுதியிருக்கிறான். புதன்கிழமைதான் எங்கள் வாய்க்கால் பாலத்துக்குத் திறப்பு விழா.

10 செப்டம்பர்

சாயந்திரம் போய்ப் பார்த்தேன். ஒன்பது மீட்டர் நீளம், ஒன்றரை மீட்டர் அகலம். கான்கிரீட் போட்டது ஆகஸ்ட் 27. கான்கிரீட் இறுகும்வரை தாங்கக் கொடுத்த சவுக்கு முட்டுகள் ஓடுகிற தண்ணீரிலேயே நிற்கின்றன. ஆகாயத்தாமரை வந்து அடைத்து, ஒன்றிரண்டின் காலடியில் மண் அரிக்கத் தொடங்கிவிட்டது. செவ்வாய்க்கிழமை முட்டைப் பிரிக்கப் போகிறானாம் கான்ட்ராக்டர் தம்பி. போட்டோவில் அசிங்கமாகத் தெரியுமாம்.

"தம்பி, ஆறு மீட்டருக்கு மேல போற பீமுக்கு 21 நாள் முட்டு நிக்கணும். கான்கிரீட் வேலைக்கான இந்தியத் தரவிதி ஐ.எஸ். 456-லயே இருக்கு. 28 நாள் விட்டா இன்னும் நல்லது."

"நீங்க சர்வீஸ்ல பாக்காததா சார்? ஆளுங்க நடக்கிற பாலம்தானே, லாரியா போகப்போவுது?"

இந்த இளக்காரம்தான் ஆகாது. கூட்டம் சேரும் இடத்து நடைபாதைக்குச் சதுர மீட்டருக்கு 500 கிலோ என்று ஐ.ஆர்.சி. (இந்தியச் சாலைக் காங்கிரஸ்) விதி கணக்கு வைக்கிறது. எங்கள் பாலத்துக்கு அது ஏழு டன்னை ஒட்டி வரும். அன்றாடம் அவ்வளவு பாரம் ஏறாது. பள்ளிக்கூடப் பிள்ளைகள், சைக்கிளைத் தள்ளிக்கொண்டு யாராவது, அவ்வளவுதான். ஊரே ஒன்றாக ஏறி, போட்டோவுக்காக நடுவில் குவிந்து ஒரே பக்கம் சாய்வது திறப்பு விழா அன்றுதான். கான்கிரீட் முழுசாக இறுகாமல் பச்சையாக இருப்பதும் அன்றுதான்.

11 செப்டம்பர்

ஜூன் மாதமும் இதே கதை, மெக்சிகோவின் குவர்னவாகா நகரில். அது மரப்பலகையும் சங்கிலியுமாகத் தொங்குகிற பாலம், புதுப்பித்துத் திறந்தார்கள். மேயர், அவர் மனைவி, கவுன்சிலர்கள் எல்லாரும் மூன்று மீட்டர் கீழே பாறைமேல் விழுந்தார்கள். அளவுக்கு மேல் ஆள் ஏறியதையும் யாரோ குதித்ததையும் மேயரே பிறகு காரணமாகச் சொன்னார். ஏறியவர்களில் அவரும் ஒருத்தர், பாவம்.

13 செப்டம்பர்

தலைவர் வீட்டுக்குப் போனேன். "தேதியை மாத்த முடியாது சார், திறக்க வர்ற விருந்தினர் குடுத்த தேதி. முட்டு வேணா இருந்துட்டுப் போவட்டும்" என்றார். போதும். முட்டை மறைக்கப் பேனர் கட்டுகிறார்கள்.

14 செப்டம்பர்

ரிப்பனைக் கரைமேலேயே கட்ட வைத்தேன். விருந்தினரோடு பத்துப் பேர் நடந்து போய்த் திரும்பினார்கள். மற்றவர்களைத் தலைவரே கை நீட்டித் தடுத்தார். அதற்காக இரண்டு பேர் கோபித்துக்கொண்டு போனது தனிக்கதை. பாதியில் காற்றுக்குப் பேனர் ஒரு பக்கம் அவிழ்ந்து, முட்டெல்லாம் பளிச்சென்று தெரிந்தது. "இது என்னப்பா?" என்றார் விருந்தினர். "கூடுதல் பாதுகாப்புங்க ஐயா" என்றான் கான்ட்ராக்டர் தம்பி, முகத்தில் ஒன்றும் காட்டாமல்.

24 செப்டம்பர்

இன்றைக்கு முட்டைப் பிரித்தார்கள். அடுத்த வேலைக்குச் சவுக்கு வேண்டுமாம், அதுவும் பாலம்தான். திறப்பு விழா எப்போது என்று கேட்டேன். தேதி வாங்கியாச்சு சார் என்றான். கான்கிரீட் இன்னும் போடவில்லை.