லாஃபுலி, லீகலி: இரண்டும் ஒன்றல்ல

ஆங்கிலத்தின் ‘லாஃபுலி’ என்னும் வினையடைக்குச் ‘சட்டப்படி’ என்று பொருள் கொள்கிறோம். ‘லீகலி’ என்பதற்கும் அதே பொருளைக் கொள்வதால், ஒன்றன் இடத்தில் மற்றொன்றை எழுதலாம் என்று தோன்றுவது இயல்பே. பல இடங்களில் எழுதலாம்தான். எழுத முடியாத இடங்களில்தான் இவற்றின் உண்மையான குணம் வெளிப்படுகிறது.

நெடுங்காலம் காணாமற்போன ஒருவரை இறந்தவராகக் கருதலாம் என்று நீதிமன்றம் அறிவித்தால், அவர் ‘லீகலி டெட்’ எனப்படுவார். ‘லாஃபுலி டெட்’ என்று எவரும் சொல்வதில்லை. இறப்பதற்குச் சட்டத்தின் அனுமதி எதற்கு? ஒருவரோ ஒரு பொருளோ சட்டத்தின் பார்வையில் என்ன நிலையில் இருக்கிறது என்பதையும் ‘லீகலி’ குறிக்கும். ‘லாஃபுலி’யோ செய்யப்பட்ட செயல் சட்டத்துக்கு உட்பட்டதா என்பதையே மதிப்பிடும். ஆகவே அது பெரும்பாலும் ஒரு வினையை ஒட்டியே வரும்: காவலர் ஒருவரை ‘லாஃபுலி’ கைது செய்கிறார், அதிகாரி ‘லாஃபுலி’ நியமிக்கப்படுகிறார், மணமக்கள் ‘லாஃபுலி வெடட்’ ஆகிறார்கள். வாக்கியத்தின் தொடக்கத்தில் தனித்து நின்று ‘சட்டக் கோணத்தில் பார்த்தால்’ என்று பொருள் தரும் பணியை ‘லீகலி’யிடமே விட்டுவிட வேண்டும்.

எதிர்ச்சொல்லான ‘அன்லாஃபுலி’யின் வலிமை சட்ட வாசகங்களில் தெரியும். இங்கிலாந்தின் 1861ஆம் ஆண்டு உடல்தீங்குக் குற்றச் சட்டத்தின் 20ஆம் பிரிவு, ‘அன்லாஃபுலி அண்ட் மலிஷியஸ்லி’ (சட்டவிரோதமாகவும், வேண்டுமென்றோ விளைவைப் பொருட்படுத்தாமலோ) காயப்படுத்துவதைக் குற்றமாக்குகிறது. முதல் சொல் வெறும் அலங்காரம் என்று நினைத்தால் தவறு. தன்னைத் தாக்கியவனை, தற்காப்புக்குத் தேவையான அளவு பலத்தைப் பயன்படுத்திக் காயப்படுத்தியவர் வேண்டுமென்றே அடித்திருந்தாலும், அந்த அடி ‘அன்லாஃபுலி’ விழுந்ததாகாது என்பதால் அவர் குற்றவாளி ஆவதில்லை. சட்ட நடையில் வினையடைகளை மிகை என்று வெட்டத் துடிப்பவர்கள் இந்த ஒரு பிரிவைப் படித்தால் போதும்.

வேர்களைப் பார்த்தால், ‘லா’ ஸ்காண்டிநேவியர்களின் பழைய நார்ஸ் மொழி வழியாகவும், ‘லீகல்’ இலத்தீனிலிருந்தும் ஆங்கிலத்துக்கு வந்தவை. இங்கிலாந்தின் உரிமைப் பட்டயமான 1215இன் மாக்னா கார்ட்டா, இலத்தீனில் ‘லெகாலே’ என்று சொல்லும் தீர்ப்பை ஆங்கிலத்தில் ‘லாஃபுல்’ என்றே பெயர்த்து வருகிறார்கள். எல்லைக்கோடு அவ்வளவு இறுக்கமானதும் அன்று.

இவற்றோடு குழப்பிக்கொள்ளப்படும் ‘லெஜிட்டிமேட்லி’ சட்டத்தைத் தாண்டி நியாயத்தையும் தொடும். ஒருவர் ‘லெஜிட்டிமேட்லி’ கோபப்படலாம். ‘லாஃபுலி’ கோபப்பட்டார் என்றால் ஆங்கிலேயர் சிரிப்பார்கள்.