வெள்ளைச் சுவருக்குக் கீழே எந்தத் தரை?

பாத்ரூம் சுவர் முடிந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. ஒன்றுக்கு இரண்டு அடி வெள்ளை டைல், பளபளப்பானது, கூரை வரைக்கும் ஏற்றியாயிற்று. அடி வரிசையை மட்டும் ஒட்டாமல் விட்டிருந்தேன். தரை போட்ட பிறகு அந்த வரிசை தரையின் மேல் வந்து உட்கார வேண்டும். அப்போதுதான் சுவரில் வழிகிற தண்ணீர் மூலையில் உள்ளே இறங்காது. இவ்வளவு தெரிந்தவனுக்குத் தரையில் என்ன போடுவது என்று மட்டும் தெரியவில்லை.

நான் செம்பனை (பாம் ஆயில்) ஆலையில் ஃபிட்டர். டைல் ஒட்டுவது ஞாயிற்றுக்கிழமைப் பொழுதுபோக்கு. வீடு மலேசியாவில் சுங்கை சிப்புட்டில், தோட்டத்து லயத்தை (தொழிலாளர் வரிசை வீட்டை) விட்டு வந்த பிறகு வாங்கிய தாமான் (குடியிருப்புப் பகுதி) வீடு. பாத்ரூம் ஐந்துக்கு எட்டு அடி. அதில் ஷவர் பக்கம் மூன்றடி. பழைய தரை வெறும் சிமெண்டு. மழை நாட்களில் பாசி பிடிக்கும். சென்ற வருஷம் அம்மா அதில் வழுக்கி உட்கார்ந்துவிட்டார். எலும்பு தப்பியது. அந்த வேகத்தில்தான் உடைக்க ஆரம்பித்தேன். உடைக்கும்போது அம்மா ஒரே ஒரு இடத்துக்காகத்தான் வருத்தப்பட்டார். தொட்டி ஓரத்தில், கொத்தனார் சரியாகத் தேய்க்காமல் விட்டுப்போன சொரசொரப்பான மூலை அது. முப்பது வருஷம் ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போன கால்கள். குதிகால் வெடிப்பை அங்கேதான் தேய்ப்பார்.

முதல் சனிக்கிழமை மதியம் ஈப்போவுக்குப் போனேன். எங்கள் பக்கம் டைல் என்று கேட்பவர்கள் குறைவு. பெரிதோ சிறிதோ, எல்லாம் ‘மொசைக்’தான். கடைத் தவுக்கே (முதலாளி), சுவருக்கு வாங்கிய அதே வெள்ளையைத் தரைக்கும் போட்டுவிடச் சொன்னார். ஒரே நிறமாக இருந்தால் அறை பெரிதாகத் தெரியுமாம். நான் அந்த டைலைக் கவிழ்த்து, முதுகில் நாலு சொட்டுத் தண்ணீர் விட்டேன். கண் முன்னாலேயே உறிஞ்சிக்கொண்டது. பக்கத்தில் ஒரு போர்சலின் டைலைக் கவிழ்த்து விட்டேன். தண்ணீர் அப்படியே முத்தாக நின்றது. சுவர் டைலின் மண் தன் எடையில் பத்து சதவீதத்துக்கு மேல்கூடத் தண்ணீர் குடிக்கும். போர்சலின் என்றால் 0.5 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. சுவர் டைலின் மேல்பூச்சும் ஆள் ஏறி மிதிப்பதற்காகப் பூசியதல்ல. தவுக்கே என்னைப் பார்த்த பார்வையில் அவ்வளவு மரியாதை இல்லை. இருந்தாலும் முன்பணம் வாங்கிக்கொண்டு ஐந்து மாதிரிகளை வீட்டுக்குக் கொடுத்தனுப்பினார்.

பளபள வெள்ளை ஒன்று (இது தரை டைல்தான்), மங்கலான கறுப்பு ஒன்று, சந்தன நிறம் ஒன்று, மரப்பலகை மாதிரி ஒன்று, பொடிப் புள்ளி போட்ட நடுத்தரச் சாம்பல் ஒன்று. கறுப்பு என் மகளின் விருப்பம். சந்தன நிறம் என்னுடையது. கடையில் பார்த்தபோது அவ்வளவு அழகாக இருந்தது.

வீட்டுக்குக் கொண்டுவந்து வெள்ளைச் சுவரில் சாய்த்து வைத்ததும் அந்தச் சந்தனம் வெற்றிலை போட்ட பல் மாதிரி ஆகிவிட்டது. காரணம் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. வெள்ளை என்று நாம் பொதுவாகச் சொல்வதில் நீலம் ஓடுகிற வெள்ளையும் உண்டு, மஞ்சள் ஓடுகிற வெள்ளையும் உண்டு. நீலம் போட்டு அலசிய வேட்டியின் மேல் ஒரு டம்ளர் பாலை வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். என் சுவர் நீலம் போட்ட வேட்டி. அதன் பக்கத்தில் வருகிற லேசான மஞ்சள் எல்லாம் அழுக்காகத்தான் தெரியும். கடையில் ஏன் தெரியவில்லை? அங்கே தொங்கியது 3000 கெல்வின் மஞ்சள் பல்பு (கெல்வின் வெளிச்சத்தின் நிறத்துக்கான அளவு, எண் கூடக் கூட நீலம் கூடும்). என் பாத்ரூமில் இருப்பது ‘டேலைட்’ என்று விற்கிற 6500 கெல்வின். பகலில் நாக்கோ ஜன்னலின் (கண்ணாடிப் பட்டைகளைச் சாய்த்துத் திறக்கிற ஜன்னல்) வழியாக வருகிற வெளிச்சமும் பக்கத்து வீட்டு மாமரத்தைத் தாண்டி வருவதால் பச்சை கலந்துதான் வரும். மாதிரியை வீட்டுக்கு எடுத்து வராமல் டைல் வாங்குபவர்களைப் பார்த்தால் எனக்குப் பயமாக இருக்கிறது. பாதிப் பயம் சுவருக்கு நானே அப்படித்தான் வாங்கினேன் என்பதால்.

ஒரு வாரம் ஐந்தையும் பாத்ரூம் தரையில் போட்டு, மிதித்து, நனைத்து, காயவிட்டோம். பளபள வெள்ளையில் அம்மாவின் ஒவ்வொரு முடியும் தெரிந்தது. நான் ஆலையிலிருந்து வந்து கால் கழுவினால் செம்மண் கோடு கோடாக ஓடியது. கறுப்பு அழுக்கை மறைக்கும் என்பார்கள். செம்மண்ணை மறைத்தது உண்மை. ஆனால் காய்ந்த சோப்பும், குளித்துவிட்டுப் போட்டுக்கொள்கிற பவுடரும் கோலம் போட்ட மாதிரி மேலே நின்றன. பலகை டைலைப் பார்த்து அம்மா கேட்டார்: “ஏன்யா, பாத்ரூமுல பலகை போட்டா கறையான் வராதா?” டைல்தான் என்று தட்டிக் காட்டியும் அவருக்கு நம்பிக்கை வரவில்லை. சரி, அது கழிந்தது.

மிச்சம் சாம்பல். பார்க்கச் சாதாரணமாகத்தான் இருந்தது. ஆனால் முடி, மண், சோப்பு, பவுடர் எதையும் பெரிதாகக் காட்டிக்கொடுக்கவில்லை. புள்ளிகளில் வெள்ளைப் புள்ளியும் கலந்திருந்ததால் சுவரின் வெள்ளை தரையிலும் கொஞ்சம் இறங்கி வந்த மாதிரி இருந்தது.

நிறம் ஆயிற்று. இனிமேல்தான் நான் நிஜமாகப் பயந்த விஷயம்.

அந்தச் சாம்பல் டைலின் பெட்டியில் ஆர்10 என்று அச்சிட்டிருந்தது. தவுக்கே அதைக் காட்டி ‘லீச்சின் இல்லை’ (வழுக்காது) என்று அடித்துச் சொல்லியிருந்தார். வீட்டில் உட்கார்ந்து படித்துப் பார்த்தேன். அது ஜெர்மன் முறைச் சோதனை. ஒரு சரிவுப் பலகையில் டைலை ஒட்டி, மோட்டார் எண்ணெய் தடவி, பூட்ஸ் போட்ட ஆளை அதன்மேல் நடக்க விட்டு, வழுக்கும்வரை பலகையைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்ப்பார்கள். 10 டிகிரிக்கு மேல் 19 வரை தாங்கினால் ஆர்10. 27 வரை தாங்கினால் ஆர்11. அம்மா பூட்ஸ் போட்டுக்கொண்டு குளிப்பதில்லை. வெறுங்காலுக்கு என்று வேறு சோதனை இருக்கிறது. அதில் எண்ணெய்க்குப் பதில் சோப்புத் தண்ணீர், தரம் ஏ, பி, சி: 12, 18, 24 டிகிரி. அந்த எழுத்து எந்தப் பெட்டியிலும் இல்லை.

அடுத்த ஞாயிறு கொல்லையில் நானே ஒரு சரிவுப் பலகை செய்தேன். தடித்த பிளைவுட், ஒரு பக்கம் கீல், மறுபக்கம் கார் ஜாக்கி. சாய்வை அளக்கக் கைப்பேசி. பிடித்துக்கொள்ள முருங்கை மரத்தில் கட்டலாமா என்று யோசித்தேன். முருங்கையை நம்பி யார் தொங்குவது? பக்கத்து வீட்டு மாமரக் கிளை எங்கள் பக்கம் நீண்டிருந்தது, அதில் கயிறு கட்டினேன். பலகையில் டைலை வைத்து, சோப்புத் தண்ணீர் ஊற்றி, வெறுங்காலோடு ஏறி நின்றேன். மகள் ஜாக்கியைச் சுற்றினாள். வேலிக்கு அந்தப் பக்கம் நாலு பேர் சேர்ந்துவிட்டார்கள்.

பளபள வெள்ளை 9 டிகிரியிலேயே காலை வாரியது. கறுப்பு 16. சாம்பல் 20. பிறகு அதே சாம்பலில் இரண்டு அங்குலத் துண்டுகளாக வலையில் ஒட்டி வருகிற சின்ன மொசைக் தாளை வைத்துப் பார்த்தேன். 27 வரை போனது, அதற்கு மேல் ஜாக்கி போகவில்லை. இதை ஆய்வுக்கூட எண்களோடு ஒப்பிட முடியாது. ஒன்றைவிட ஒன்று எப்படி என்று மட்டும் தெரிந்துகொள்ளலாம். எனக்கு அது போதும். அப்புறம் அம்மா ஒரு கேள்வி கேட்டார்: “சனிக்கிழமை எண்ணெ தேச்சிக் குளிப்போமே, அதுக்கு?” நல்லெண்ணெயை ஊற்றினேன். சாம்பல் டைல் 20லிருந்து 14க்கு இறங்கியது. சின்ன மொசைக் 22ல் நின்றது. துண்டுகளுக்கு நடுவே இருக்கிற பள்ளங்கள் எண்ணெயை வாங்கிக்கொள்கின்றன, விரல் நுனிக்கும் ஒரு பிடி கிடைக்கிறது.

தரைச் சரிவு ஒரு டிகிரிக்குக் கொஞ்சம் மேல்தானே, இருபது டிகிரி பற்றி எதற்குக் கவலை என்று நண்பர் ஒருவர் கேட்டார். நிற்கிறவன் வழுக்குவதில்லை. தலை துவட்டிக்கொண்டே திரும்பும்போது கால் தரையைப் பக்கவாட்டில் தள்ளுகிறதே, அந்தத் தள்ளலுக்குத்தான் அந்த இருபது.

சின்ன மொசைக்குக்கு இன்னொரு காரணமும் சேர்ந்தது. ஷவர் தரை அடிக்குக் கால் அங்குலம் இறங்கவேண்டும். தண்ணீர் போகிற துளை ஒரு மூலையில் இருப்பதால் தரை இரண்டு திசையிலும் சரிய வேண்டும். ஓரடி டைலைச் சும்மா அடுக்கிப் பார்த்தபோது ஏதாவது ஒரு முனை தூக்கிக்கொண்டே நின்றது. குறுக்கே வெட்டினால் சரியாகும். வெட்டிய கோடு வெள்ளைச் சுவருக்குக் கீழே தழும்பு மாதிரி இருக்கும். இரண்டங்குலத் துண்டு சரிவுக்குத் தக்கபடி தானே வளைந்து படுக்கிறது. ஆகவே ஷவரின் 15 சதுர அடிக்குச் சின்ன மொசைக், மிச்சம் 25 சதுர அடிக்கு அதே சாம்பலில் ஓரடி டைல். 17 தாளும் மூன்று பெட்டியும் வாங்கினேன், பெட்டிக்கு 11 டைல்.

மூன்றாவது வாரம் நீர்த்தடைப் பூச்சு. முதல் பூச்சு கிழக்கு மேற்கு, மறுநாள் இரண்டாவது பூச்சு வடக்கு தெற்கு, சுவரில் ஓரடி உயரம் வரை. காய்ந்த பிறகு துளையைத் துணியால் அடைத்து, ஒரு அங்குலம் தண்ணீர் நிறுத்தி, சுவரில் பென்சில் கோடு போட்டுவிட்டுப் படுத்தேன். காலையில் தண்ணீர் அரை அங்குலம் இறங்கியிருந்தது. எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. பூச்சைச் சுரண்டத் தயாராகிவிட்டேன். மகள்தான் துளைக்குள் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, “அப்பா, துணி வழியா போகுதுப்பா” என்றாள். பிளாஸ்டிக் பையில் மணலைக் கட்டி அடைத்து இன்னொரு 24 மணி நேரம் விட்டேன். கோடு அசையவில்லை.

ஒட்டும் வேலையைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. ஒன்றிரண்டு மட்டும். வலைத்தாளுக்குப் பெரிய பல் கரண்டியால் பசை போட்டால் இடுக்கு வழியாகப் பிதுங்கி வரும். முதல் மூன்று தாளைக் குச்சியால் சுரண்டியே ஒரு மதியம் போனது. தாளுக்கும் தாளுக்கும் நடுவே விடுகிற இடைவெளி, தாளுக்குள் இருக்கிற இடைவெளியைவிட ஒரு நூல் கூடினாலும் போர்வையில் ஒட்டுப் போட்ட மாதிரி தெரியும். அதைவிடப் பெரிய சங்கடம் மூன்றாவது பெட்டி. பெட்டிமேல் நிறத்துக்கென்று ஒரு எண் அச்சிட்டிருக்கும். இரண்டு பெட்டியில் ஒரு எண், மூன்றாவதில் வேறு எண். கடையில் நான் பார்க்கவில்லை. பிரித்து வைத்ததும் ஒரு சாயல் கறுப்பு கூடுதலாகத் தெரிந்தது. அதே எண்ணில் மாற்றிக் கேட்டேன், இருப்பு இல்லை. அந்தப் பெட்டியைப் பேசின் அடியிலும் கழிப்பறைப் பீங்கானுக்குப் பின்னாலும் போட்டு ஒளித்துவிட்டேன். வருகிறவர்களிடம் நானே சொல்லாதவரை யாருக்கும் தெரிவதில்லை. நான் சொல்லிவிடுகிறேன்.

டைல் இடுக்குகளை நிரப்புகிற கிரவுட்டின் நிறத்துக்கும் ஒரு சோதனை. உடைந்த துண்டுகளில் வெள்ளை, நடுச் சாம்பல், கருஞ்சாம்பல் மூன்றையும் பூசிக் காயவைத்து, அம்மாவின் மஞ்சளையும் சீயக்காய்க் கரைசலையும் ஊற்றி இரண்டு நாள் விட்டேன். வெள்ளை கிரவுட்டில் மஞ்சள் ஏறியது. வெயிலில் வைத்தால் மஞ்சள் தானே வெளுக்கிறது, சீயக்காய்ப் பழுப்பு போகவே இல்லை. கருஞ்சாம்பலில் கறை தெரியவில்லை, ஆனால் ஷவர் தரை முழுக்கக் கொசுவலை விரித்த மாதிரி கட்டம் கட்டமாக எழுந்து நின்றது. டைலைவிட ஒரு சாயல் வெளுத்த நடுச் சாம்பலை எடுத்தேன். சுவருக்கு ஏற்கெனவே வெள்ளை கிரவுட் போட்டாயிற்று. அதில் சீயக்காய் தெறிக்கும்போது பார்த்துக்கொள்ளலாம்.

முந்தாநாள் அடி வரிசை வெள்ளை டைலை ஒட்டி முடித்தேன். சுவரும் தரையும் சேர்கிற மூலையில் கிரவுட் வைக்கவில்லை. இரண்டும் வெவ்வேறாக அசைவதால் கிரவுட் அங்கே வெடித்துவிடும். ரப்பர் மாதிரி வளைந்து கொடுக்கிற சாம்பல் நிற சிலிகான்தான். அது இன்று காலைதான் நன்றாக இறுகியது. முதல் குளியல் அம்மாவுக்கு. உள்ளே போனவர் ஐந்து நிமிஷத்தில் தலையை நீட்டி, “கால் நல்லா பிடிக்குது. ஆனா குதிகால எங்கய்யா தேய்க்கிறது?” என்று கேட்டார். மொசைக்கில் தேய்த்துப் பார்த்தாராம், வழவழவென்று இருக்கிறதாம்.

பழைய தரையின் கட்டிகள் இன்னும் முருங்கை மரத்தடியில்தான் குவிந்து கிடக்கின்றன. குளித்து முடித்ததும் அம்மா போய்ப் புரட்டிப் பார்த்து, உள்ளங்கை அகலத்துக்கு ஒரு துண்டைத் தேடி எடுத்து, குழாயடியில் கழுவி, ஷவர் மூலையில் கொண்டுபோய் வைத்துவிட்டார். அதில் இருக்கிற மணல் புது டைலைக் கீறும் என்று சொல்லலாம் என்றுதான் பின்னாலேயே போனேன். சாம்பல் மேல் சாம்பல், நிறம் பொருந்தித்தான் இருந்தது. அடியில் ஒட்ட ஒரு ரப்பர் துண்டை வெட்டிக்கொண்டிருக்கிறேன்.