நான் வெட்டிய ஒரு வரி

“அப்பா பேரே இல்லாம இவர் கதையை எப்படிங்க சொல்வீங்க?” என்று எங்கள் டெஸ்க் சீனியர் கேட்டார். “சொல்லலாம் சார், இவர் ஆடினதே போதும்” என்றேன். 2022-ல் அமெரிக்கக் கூடைப்பந்து லீகான என்.பி.ஏ. கோப்பையை கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ் அணி வென்றதும், அதன் வீரர் கேரி பேட்டன் II பற்றி வந்த கட்டுரை அது. முதல் பத்தியில் இருந்த ‘ஜாம்பவான் கேரி பேட்டனின் மகன்’ என்ற வரியை நான்தான் எடுத்தேன். கட்டுரை அப்படியே வெளியானது, யாரும் குறை சொல்லவில்லை. ஆனாலும் அந்தப் பேச்சு என்னை விடுவதாக இல்லை.

என் பக்கம் நியாயம் இருக்கிறது. என்.பி.ஏ. அணிகள் புது வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் ட்ராஃப்டில் 2016-ல் அறுபது பேரை எடுத்தார்கள், அதில் இவர் இல்லை. அப்புறம் மில்வாக்கி, லேக்கர்ஸ், வாஷிங்டன் என்று அணி அணியாக அலைச்சல், நடுநடுவே என்.பி.ஏ.வுக்கு அடுத்த படியான ஜி லீக். 2021 ஏப்ரலில் வாரியர்ஸ் கொடுத்தது பத்து நாள் ஒப்பந்தம். அதே ஆண்டு அக்டோபரில் கழற்றிவிட்டு, அணியில் மிச்சமிருந்த கடைசி இடத்துக்குத் திரும்ப எடுத்தார்கள். அந்த இடம் கிடைக்குமா என்றே தெரியாத நேரத்தில், அதே அணியில் வீடியோ தொகுக்கும் வேலைக்கும் நேர்காணலுக்குப் போயிருக்கிறார். மற்றவர்கள் ஆடுவதைத் திரையில் ஓட்டிப் பார்த்து, துண்டு துண்டாக நறுக்கிப் பயிற்சியாளருக்குக் கொடுக்கும் வேலை. இதைப் படித்த பிறகுதான் அந்த வரியில் கை வைத்தேன்.

2022 மே 3-ஆம் தேதி மெம்ஃபிஸ் அணிக்கு எதிராகக் கூடைக்குத் தாவியவரைப் பின்னாலிருந்து தலையில் அடித்தார்கள். விழுந்ததில் இடது முழங்கை முறிந்தது. ஜூன் 5, இறுதிச் சுற்றின் இரண்டாவது ஆட்டத்தில் அவர் உள்ளே வந்தபோது ரசிகர்கள் ஆரவாரம் செய்தார்கள். அது அப்பாவுக்குப் போன கைதட்டல் இல்லையே.

ஆனால் சீனியர் அடுத்துச் சொன்னதற்கு என்னிடம் பதில் இல்லை. “சரி, வரியை எடுத்துட்டீங்க. பேருக்குப் பின்னால இருக்கிற அந்த ரெண்டை என்ன பண்ணுவீங்க?” சட்டையின் முதுகிலேயே அந்த இரண்டைப் போட்டுக்கொண்டு ஆடுகிறவர் அவர். அப்பா படித்த ஆரிகன் ஸ்டேட்டுக்குத்தான் போனார். 1996-ல் ஆண்டின் சிறந்த தடுப்பாட்டக்காரர் விருது வாங்கியவர் அப்பா. மகனும் தடுப்பாட்டத்தை வைத்தே பிழைத்தார். அப்பாவை விட்டு விலகி ஓட நினைப்பவர் இப்படியா செய்வார்? நிழல், நிழல் என்று நாம்தான் சொல்கிறோமோ?

அப்படியும் சொல்லிவிட முடியவில்லை. அப்பா பந்தைக் கையில் வைத்துக்கொண்டு ஆட்டத்தை நடத்திய பாயின்ட் கார்டு. மகனும் உயரத்தில் கார்டுதான், அதாவது அணியின் குட்டையான ஆட்டக்காரர்களில் ஒருவர்; ஆனால் உயரமானவர்கள் செய்யும் வேலையைச் செய்கிறார்: ஸ்க்ரீன் போடுவது, அதாவது எதிராளியின் வழியை உடம்பால் மறிப்பது, உடனே கூடையை நோக்கிப் பாய்வது. அதைச் செய்யும்போது எனக்கு அப்பா நினைவுக்கே வருவதில்லை.

ஒன்றுதான் இன்னும் உறுத்துகிறது. இத்தனை முறை கழற்றிவிட்டவரைத் திரும்பத் திரும்பக் கூப்பிட்டார்களே, அதில் அந்தப் பெயருக்குப் பங்கே இல்லையா? இருந்திருந்தால், வரியை எடுத்த நான் வாசகரிடம் பாதிக் கதையைத்தான் சொல்லியிருக்கிறேன். அப்பா பெயர் இல்லாமல் ஜி லீகோடு நின்றுபோனவர்களும் இவரைப் போலவே உழைத்தவர்கள்தானே. இதற்கு சீனியரும் பதில் சொல்லவில்லை. “அடுத்த தடவை மூணாவது பத்தில வைங்க” என்றார். மூன்றாவது பத்தி சரியான இடம்தானா என்று இன்னும் எனக்குத் தெளிவாகவில்லை.