பில்லில் 50சி470, காயிலில் என்ன?

கோவையில் ஆவாரம்பாளையம், கணபதி பக்கம் மோட்டார் பம்ப் செய்யும் சிறு பட்டறைகளில், தாமிரக் கம்பி வாங்கும்போது கேட்கிற கேள்விகளில் பாதிகூட ஸ்டாம்பிங் ஷீட், அதாவது மோட்டார் கோருக்கான தகடுகளை அடித்தெடுக்கும் சிலிக்கான் ஸ்டீல் ஷீட் வாங்கும்போது கேட்பதில்லை. கம்பியை மைக்ரோமீட்டரில் பிடித்தால் கேஜ் தெரிந்துவிடும். சிலிக்கான் ஸ்டீலின் தரம் கண்ணுக்கும் தெரியாது, கைக்கும் தெரியாது. மோட்டார் ஓடி, நோ-லோடு வாட் (சுமையில்லாமல் ஓடும்போது இழுக்கும் மின்சக்தி) ஏறி நிற்கும்போதுதான் தெரியும். அதற்குள் அந்தக் காயில் (ஷீட் சுருள்) முழுக்க ஸ்டேட்டராக, அதாவது மோட்டாரின் சுழலாத பாகமாக மாறியிருக்கும்.

சப்ளையரைத் தேடுவதற்கு முன் பெயரைச் சரியாகப் பிடியுங்கள். மோட்டாருக்கு வேண்டியது சிஆர்என்ஓ, அதாவது எல்லாத் திசையிலும் ஏறக்குறைய ஒரே மாதிரி காந்தத்தைக் கடத்தும் ரகம். நம் தரநிலை ஐஎஸ் 648. அதில் 50சி470 என்றால் 0.50 மி.மீ. தடிமன், 1.5 டெஸ்லா, 50 ஹெர்ட்ஸில் கிலோவுக்கு 4.70 வாட்டுக்கு மேல் இழப்பு (சூடாக வீணாகும் மின்சக்தி) இருக்கக் கூடாது. இதையே ஐரோப்பியத் தரநிலை எம்470-50ஏ என்கிறது, ஜப்பானியத் தரநிலை 50ஏ470 என்கிறது, கொரிய மில்லான போஸ்கோ 50பிஎன்470 என்று போடுகிறது. ஒரு பெயரை மட்டும் வைத்துத் தேடினால் பாதிச் சரக்கு கண்ணில் படாது.

எண் குறைந்தால் நல்லது என்று கண்ணை மூடிக்கொண்டு மாறிவிடாதீர்கள். 10 கிலோ கோரில் 800 கிரேடிலிருந்து 470-க்குப் போனால் கணக்குப்படி 80 வாட் இழப்பு 47 ஆகும், உண்மைதான். ஆனால் இழப்பைக் குறைக்கச் சிலிக்கானைக் கூட்டினால் காந்தம் சீக்கிரம் நிறைந்துவிடும். 5,000 ஆம்பியர்/மீட்டர் காந்தப்புலத்தில் எம்800-50ஏ குறைந்தது 1.70 டெஸ்லா தர வேண்டும், எம்470-50ஏ-க்கு 1.64 போதும். 800-ஐ நம்பி ஸ்டேட்டர் பல்லை (வைண்டிங் பள்ளங்களுக்கு நடுவே உள்ள பகுதி) ஒல்லியாக வரைந்த பழைய டிசைனில் 470-ஐப் போட்டால் நோ-லோடு கரண்ட் ஏறும். விலை அதிகம் கொடுத்து வாங்கிய ஷீட்டை 'மட்டம்' என்று திட்டுகிற கதை பெரும்பாலும் இதுதான். வைண்டிங் டேட்டாவையும் ஸ்டேக் (தகடு அடுக்கு) உயரத்தையும் மறுபடி பார்க்காமல் கிரேடு மாற்றுவதில் பயனில்லை.

இனி யாரிடம் வாங்குவது? இந்தியாவில் ரூர்கேலாவில் செயில், பல்லாரி மாவட்டம் தோரணகல்லில் ஜேஎஸ்டபிள்யூ, மகாராஷ்டிராவில் போஸ்கோ ஆகியவை சிஆர்என்ஓ தருகின்றன; கொரியா, ஜப்பான், தைவான், சீனாவிலிருந்து இறக்குமதியும் உண்டு. மாதம் ஐந்து டன் வாங்குகிறவருக்கு மில் நேரடியாகத் தராது. இடையில் சர்வீஸ் சென்டர், அதாவது மதர் காயிலை (மில்லிலிருந்து வரும் முழு அகலச் சுருள்) வாங்கி ஸ்லிட் செய்து (நீளவாக்கில் கீற்றுகளாக வெட்டி) தருகிறவர் வேண்டும். அதற்கும் குறைவான தேவை என்றால் காயிலை விட்டுவிட்டு ரெடி ஸ்டாம்பிங்கை (அடித்துத் தயாராக இருக்கும் தகடுகள்) கிலோ கணக்கில் வாங்குவதே புத்திசாலித்தனம். ஆனால் அதை விற்கிறவர் எந்த மில் காயிலை அடிக்கிறார் என்ற கேள்வி அப்போதும் உங்களுடையதுதான்.

தேடும்போது ஹெச்எஸ்என் எண் (பில்லில் போடும் சரக்கு வகைக் குறியீடு) நல்ல கைவிளக்கு. 600 மி.மீ. அகலத்துக்கு மேற்பட்ட சிஆர்என்ஓ 7225 19. அதற்குக் குறைந்த ஸ்லிட் காயில் 7226 19. வருகிற பில்லில் 7209 அல்லது 7211 இருந்தால் அது சாதாரணக் கோல்டு ரோல்டு ஷீட்டுக்கான எண். மிகத் தாழ்ந்த கிரேடுகளில் சிலிக்கான் 0.6 சதவீதத்துக்கும் கீழே போனால் அந்த எண் வரலாம். 470-க்கு வரவே கூடாது.

'சிஆர்என்ஓ என்ன ரேட்' என்று கேட்டால் செகண்ட்ஸ் (தரம் தவறிய சரக்கு) விலையும் பிரைம் (முதல் தரம்) விலையும் கலந்து வரும். விசாரணையிலேயே எல்லாவற்றையும் எழுதிவிடுங்கள்: ஐஎஸ் 648, கிரேடு, 0.50 மி.மீ., ஃபுல்லி புராசஸ்டு, சி5 கோட்டிங் (மின்காப்புப் பூச்சு), ஸ்லிட் அகலமும் அதன் டாலரன்ஸும், உள்விட்டம் 508 மி.மீ., ஒரு காயிலின் உச்ச எடை, மாதத் தேவை, பிரைம் மட்டும். 'ஃபுல்லி புராசஸ்டு' என்ற சொல்லை விட்டுவிட்டால் ஐஎஸ் 15391 ரகமான செமி புராசஸ்டு வரலாம். அதை அடித்த பிறகு அனீலிங் (ஃபர்னஸில் சூடேற்றி ஆறவிடுவது) செய்தால்தான் சொன்ன வாட் கிடைக்கும். ஃபர்னஸ் இல்லாதவருக்கு அது வீண். கோட்டிங்கும் அப்படித்தான். சி3 வெறும் ஆர்கானிக் வார்னிஷ், டைக்கு (தகடு அடிக்கும் அச்சு) நல்லது, சூட்டுக்கு ஆகாது. ரோட்டரில் அலுமினியம் ஊற்றுகிறவர்கள் சி5 கேட்பதே சரி.

அகலத்தில் போகும் பணத்தை யாரும் எண்ணுவதில்லை. 135 மி.மீ. ஸ்டாம்பிங்குக்கு 142 மி.மீ. ஸ்ட்ரிப் என்று வைப்போம். இரு ஓரத்திலும் 5 மி.மீ. டிரிம் போகும். மதர் காயில் 1200 என்றால் எட்டு ஸ்ட்ரிப் போக மொத்தக் கழிவு 64 மி.மீ., அதாவது 5.3 சதவீதம். 1150 என்றால் அதே எட்டு ஸ்ட்ரிப், கழிவு 14 மி.மீ.தான், 1.2 சதவீதம். 1000 என்றால் ஏழாவது ஸ்ட்ரிப்புக்கு 4 மி.மீ. பற்றாமல் 148 மி.மீ. கழிவில் போகும். இந்தக் கழிவு யார் கணக்கில் என்று விலை பேசும்போதே கேளுங்கள். கிலோவுக்கு இரண்டு ரூபாய் குறைத்துச் சொல்கிறவர் பல சமயம் இங்கேதான் பிடிக்கிறார். எடையும் பாருங்கள்: 8 டன் மதர் காயிலில் 1150-க்கு ஒரு 142 ஸ்ட்ரிப் சுமார் 990 கிலோ வரும். உங்கள் டீகாய்லர் (காயிலைப் பிரித்து விடும் இயந்திரம்) 500 கிலோதான் தாங்கும் என்றால் இரண்டாக வெட்டித் தரச் சொல்ல வேண்டும்.

சரக்கு வந்ததும் காகிதம். ஐஎஸ் 648 கட்டாய பிஐஎஸ் சான்றிதழின் கீழ் வருகிறது. வெளிநாட்டு மில்லுக்கும் சிஎம்/எல் எண் (பிஐஎஸ் உரிம எண்) இருக்க வேண்டும். 'பிஐஎஸ் கேர்' செயலியில் அந்த எண்ணைப் போட்டால் யாருக்கு, எந்தத் தரநிலைக்கு என்று தெரியும். மில் டெஸ்ட் சர்டிபிகேட்டில் காயில் எண்ணும் ஹீட் எண்ணும் (எந்த உருக்குத் தொகுதி என்ற எண்) இருக்கும். ஸ்லிட் செய்தபின் ஒட்டிய லேபிளில் அதே மதர் காயில் எண் இல்லையென்றால் அந்தச் சர்டிபிகேட் உங்கள் காயிலுக்கு உரியதில்லை. ஒரே நகலைப் பத்துக் காயிலுக்கும் கொடுப்பது சகஜம்.

பட்டறையில் என்ன சோதிக்கலாம்? எடை போட்டுக் கிரேடு கண்டுபிடிக்கலாம் என்பார்கள், நம்பாதீர்கள். 100க்கு 100 மி.மீ. துண்டு 470-இல் 38.5 கிராம், 800-இல் 39 கிராம். தடிமனுக்கே 8 சதவீதம் கூடக்குறைய அனுமதி இருக்கும்போது அந்த அரைக் கிராம் எதையும் சொல்லாது. மல்டிமீட்டர் முனைகளை மேற்பரப்பில் லேசாக வைத்துப் பார்ப்பது இதைவிடப் பயன்: கோட்டிங் உள்ள ஷீட்டில் ரெசிஸ்டன்ஸ் காட்டும், வெறும் சிஆர் ஷீட்டில் சுழியம். இது கோட்டிங் இருக்கிறதா என்று மட்டும் சொல்லும், கிரேடைச் சொல்லாது. பழைய டிரான்ஸ்பார்மரைப் பிரித்த சிஆர்ஜிஓ தகடு 'உயர்ந்த சரக்கு' என்ற பெயரில் சுற்றுகிறது. அது உருட்டிய திசையில் மட்டுமே உயர்ந்தது. காந்தப்புலம் சுழலும் மோட்டாருக்கு உதவாது.

கிரேடுக்கு எப்ஸ்டீன் சோதனை (ஷீட்டின் இழப்பை அளக்கும் லேப் சோதனை) தவிர வழியில்லை. 30 மி.மீ. அகலம், 280 முதல் 320 மி.மீ. நீளத்தில் ஸ்ட்ரிப்கள், எண்ணிக்கை நான்கின் மடங்கு, பாதி உருட்டிய திசையில், பாதி குறுக்கே. 142 மி.மீ. ஸ்லிட் காயிலில் குறுக்கே 280 வெட்ட முடியாது என்பது பலருக்கு லேபுக்குப் போன பிறகுதான் உறைக்கும். ஸ்லிட் செய்வதற்கு முன்பே மதர் காயில் முனையிலிருந்து முழு அகலத் துண்டு ஒன்றை எடுத்துவைக்க ஆர்டரிலேயே எழுதுங்கள். பெங்களூரு சிபிஆர்ஐ, வதோதரா இஆர்டிஏ போன்ற சோதனைக்கூடங்களுக்கு அனுப்பலாம்.

புது சப்ளையரிடம் முதலில் ஒரே காயில். அதே டை, அதே வைண்டிங், அதே ஸ்டேக் உயரத்தில் இருபது ஸ்டேட்டர் அடித்து, பழைய சரக்கின் இருபதோடு நோ-லோடு வாட்டையும் கரண்ட்டையும் ஒப்பிடுங்கள். வாட் மட்டும் ஏறினால் கிரேடைச் சந்தேகப்படுவதற்கு முன் பர்ரை (வெட்டு விளிம்பில் எழும் பிசிறு) பாருங்கள். 0.05 மி.மீ.க்கு மேல் போனால் தகடுகள் ஒன்றோடொன்று தொட்டு இழப்பு கூடும். சிலிக்கான் கூடிய ஷீட் கடினம் என்பதால் டை முன்னைவிடச் சீக்கிரம் மழுங்கும்.

ஸ்டேக் ஒரு பக்கம் சாய்ந்தால் அது வேறு கோளாறு. மதர் காயில் நடுவில் தடித்து ஓரத்தில் மெலிந்திருக்கும். 100 மி.மீ. ஸ்டேக்கில் சுமார் 194 தகடு, ஒவ்வொன்றிலும் 0.01 மி.மீ. வித்தியாசம் என்றாலும் ஒரு பக்கம் 2 மி.மீ. ஏறிவிடும். ஓர ஸ்ட்ரிப்பில்தான் இது வரும். அதனால் ஒவ்வொரு ஸ்லிட் காயிலிலும், மதர் காயிலின் அகலத்தில் அது இருந்த இடத்தை 1 முதல் 8 வரை எண் போட்டு எழுதித் தரச் சொல்லுங்கள். 1-ஐயும் 8-ஐயும் தனியாக வைத்து, அடுக்கும்போது பாதித் தகடுகளை 180 டிகிரி திருப்பிப் போட்டால் சரியாகிவிடும்.