ஆள் கூடக் கூட

நான் வேலை பார்ப்பது மெடிக்கல் பில்லிங் நிறுவனத்தில். அமெரிக்க மருத்துவமனைகளுக்கு இன்சூரன்ஸ் பணம் வசூலித்துக் கொடுக்கும் வேலை. கே.கே. நகரில் ஒரு வீட்டு மாடியில் தொடங்கி, இன்று இலந்தைக்குளம் ஐ.டி. பார்க்கில் ராத்திரி முழுக்க விளக்கு எரிகிற அளவுக்கு வளர்ந்திருக்கிறது. அதில் எனக்குப் பெருமைதான். மதுரையிலேயே இருந்து, அம்மா கையால் சாப்பிட்டுவிட்டு ஷிஃப்டுக்குக் கிளம்ப முடிவது சின்ன விஷயமில்லை.

மாடி வீட்டுக் காலத்தில் எம்.டி. எங்களோடுதான் உட்கார்ந்திருப்பார். கிளெய்ம், அதாவது இன்சூரன்ஸ் கம்பெனியிடம் பணம் கேட்டு நாங்கள் அனுப்பும் பில், மறுக்கப்பட்டுத் திரும்பினால் அவரே திறந்து படிப்பார். "யார் போட்டது?" என்று அவர் அதட்டி நான் கேட்டதில்லை. "எந்த இடத்துல விட்டுப்போச்சு?" என்றுதான் கேட்பார். அதனால் தப்பை யாரும் மறைக்கவில்லை.

அப்புறம் ஆள் கூடியது. டீம் லீடர், மேனேஜர், அவருக்கு மேல் இன்னொருவர். தினசரி டார்கெட் வந்தது. சிக்கலான ஒரு கிளெய்முக்காக இன்சூரன்ஸ் கம்பெனிக்கு போன் போட்டு முக்கால் மணி நேரம் ஹோல்டில் கிடப்பவருக்கும், சுலபமானதைப் பொறுக்கி முடிப்பவருக்கும் ரிப்போர்ட்டில் ஒரே கணக்கு. கஷ்டமானவை தேங்கிப்போயின.

சி.ஓ. 29 என்று ஒரு மறுப்புக் குறியீடு உண்டு. கிளெய்ம் அனுப்பும் கெடு முடிந்துவிட்டது என்று பொருள். மெடிகேர் என்கிற அமெரிக்க அரசு இன்சூரன்ஸுக்குச் சிகிச்சை நடந்த நாளிலிருந்து ஒரு வருஷம். தனியார் இன்சூரன்ஸ் சிலவற்றில் 90 நாள்தான். கெடு தாண்டினால் பெரும்பாலும் பணம் போனதுதான், நோயாளியிடமும் கேட்க முடியாது. ஒரு கிளையண்ட் கணக்கில் அது வரிசையாக வந்தபோதுதான் மேலே இருப்பவர்கள் விழித்தார்கள். கீழே எங்களுக்கு முன்பே தெரியும். டீமில் ஓர் அக்கா லீடரிடம் சொல்லியும் இருந்தார். "இதை மேல கொண்டுபோனா நம்ம டீம் பேருதான்மா கெடும்" என்று பதில் வந்ததாம்.

அந்த லீடர் மேல் எனக்குக் கோபமில்லை. அவருக்கு முன்னால் இருந்தவர் உண்மையைச் சொல்லி அப்ரைசலில், அதாவது வேலை மதிப்பீட்டில், என்ன வாங்கினார் என்பதை அவர் பார்த்திருந்தார். சேர்ந்த அன்று ஹெச்.ஆர். காட்டிய ஸ்லைடுகளைவிட அந்த அப்ரைசல்தான் எங்கள் எல்லோருக்கும் பாடம் நடத்தியது.

இதே ஊரில் 1976இல் டாக்டர் வெங்கடசாமி 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை எவ்வளவு பெரிதாகிவிட்டது! கிராமத்துப் பெண்களைத் தாங்களே எடுத்துப் பழக்கி, சிகிச்சையின் பெரும்பகுதி வேலையை அவர்களை நம்பி விட்டார்கள். எங்கள் நிறுவனமோ அவசரத்தில் லீடர்களை வெளியிலிருந்து கொண்டுவந்தது. திறமைசாலிகள்தான். ஆனால் எங்கள் கிளெய்ம் ஒன்றைக்கூடத் தொட்டுப் பார்க்காமலே டார்கெட் போட்டார்கள்.

இப்போது லீடர்களும் தினம் ஒரு மணி நேரம் பழைய கிளெய்ம்களை எங்களோடு உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்று உத்தரவு. நல்ல காரியம். போன வாரம் எம்.டி.யும் வந்தார். "சார், கஷ்டமானதை எடுத்தா அப்ரைசல்ல எப்படி வரும்?" என்று அந்த அக்கா கேட்டார். அவர் குறித்துக்கொண்டு போனார். ஏப்ரலில் அப்ரைசல். என்னுடையதற்கு முன்னால் அந்த அக்காவுடையதைத்தான் கேட்கப் போகிறேன்.