சினிசியின் ஃபெலீசியா அம்மா

இத்தாலியின் சிசிலித் தீவு மாஃபியா என்றதும் எல்லோரும் கொர்லியோனே என்ற ஊரைப் பற்றித்தான் பேசுகிறார்கள். எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அந்தத் தீவின் தலைநகர் பலெர்மோவுக்கு மேற்கே, கடலை ஒட்டிய சினிசி என்ற சின்ன ஊரும், அங்கே வாழ்ந்த ஃபெலீசியா என்ற அம்மாவும்தான்.

ஃபெலீசியா கல்யாணமாகிப் போன வீடே மாஃபியா வீடு. கணவர் லூயிஜி இம்பஸ்தாத்தோ அந்தக் கும்பலைச் சேர்ந்தவர், அவருடைய சகோதரியின் கணவர் செசாரே மன்ஸெல்லாதான் ஊர் மாஃபியாவுக்கே தலைவர். 1963இல் மன்ஸெல்லா கார் வெடிகுண்டில் செத்தபோது ஃபெலீசியாவின் மூத்த மகன் பெப்பினோவுக்குப் பதினைந்து வயது. செல்லம் கொடுத்த மாமா அப்படிச் செத்ததைப் பார்த்த பையன் அந்த உலகத்தையே வெறுத்தான். கொஞ்ச வருஷத்தில் பத்திரிகை ஆரம்பித்து மாஃபியாவைத் திட்டி எழுத, அப்பா அவனை வீட்டை விட்டே துரத்திவிட்டார். அம்மா மட்டும் அவனைக் கைவிடவில்லை.

மன்ஸெல்லாவுக்குப் பிறகு தலைமை கயெத்தானோ பதலமெந்தியிடம் போனது. ஊரை ஒட்டியே, விவசாயிகளின் நிலத்தை எடுத்துக் கட்டிய புந்தா ராய்சி விமான நிலையம் இருந்தது, அது ஹெராயினை அமெரிக்காவுக்கு அனுப்ப வசதியாகிவிட்டது. 1970களில் சிசிலி மாஃபியா முழுவதற்குமே தலைமை வகித்தவர்களில் பதலமெந்தியும் ஒருவர். அவர் வீட்டுக்கும் பெப்பினோ வீட்டுக்கும் இடையே நடந்தால் நூறு காலடிதான் வரும், ஒரே தெரு.

1977இல் பெப்பினோ நண்பர்களோடு சேர்ந்து 'ரேடியோ ஆவுட்' என்ற வானொலியைத் தொடங்கினார். ஊரே பெயர் சொல்லப் பயந்த பதலமெந்தியை 'தானோ செதூத்தோ', அதாவது 'உட்கார்ந்த தானோ' (தானோ என்பது கயெத்தானோவின் சுருக்கம்) என்று பெயர் வைத்து வானொலியிலேயே கிண்டல் செய்தார். பேசியது போதாதென்று ஊராட்சித் தேர்தலிலும் நின்றார். வாக்குப்பதிவுக்குச் சில நாள் முன்பு, 1978 மே 9 அதிகாலையில், ரயில் தண்டவாளத்தில் வெடிமருந்தால் சிதறிய நிலையில் அவர் உடல் கிடைத்தது. வயது முப்பது. அன்றுதான் ரோமில், கடத்திக் கொல்லப்பட்ட முன்னாள் பிரதமர் அல்தோ மோரோவின் உடலும் கிடைத்ததால் நாடு முழுக்க அதையே பேசியது. சினிசியிலோ, பெப்பினோ குண்டு வைக்கப் போய்ச் செத்துவிட்டான் என்றும், தற்கொலை என்றும் விசாரணையை மூடப் பார்த்தார்கள். அவர் செத்த பிறகும் ஊர்க்காரர்கள் அவருக்கே ஓட்டுப் போட்டு உறுப்பினராக்கினார்கள்.

இங்கேதான் ஃபெலீசியா அம்மாவை நான் வியந்து பார்க்கிறேன். மாஃபியா வீட்டில் பெண்கள் கறுப்பு உடுத்தி, கதவை அடைத்து, வாயை மூடிக்கொள்ள வேண்டும், பழிவாங்குவதை ஆண்கள் பார்த்துக்கொள்வார்கள். அவரோ பழி வேண்டாம், வழக்கு வேண்டும் என்றார். இளைய மகன் ஜொவான்னியோடு சேர்ந்து நீதிமன்றத்தில் பாதிக்கப்பட்ட தரப்பாகச் சேர்ந்தார், கணவரின் சொந்தக்காரர்களையே விலக்கிவைத்தார், வீட்டுக் கதவைத் திறந்துவைத்து வருகிற மாணவர்கள், பத்திரிகைக்காரர்கள் எல்லோரிடமும் மகன் கதையைச் சொன்னார். அந்த வழக்கைக் கையில் எடுத்த நீதிபதி ரோக்கோ கின்னீச்சியை 1983இல் மாஃபியா கார் குண்டு வைத்துக் கொன்றது. அடுத்த வருஷம், பெப்பினோவின் சாவு மாஃபியா செய்த கொலைதான், ஆனால் செய்தவர் யாரென்று தெரியவில்லை என்று நீதிமன்றம் சொன்னது. யாரென்று ஊருக்கே தெரியும்!

பதலமெந்தி 1984இல் மாட்ரிடில் பிடிபட்டு, போதைப்பொருள் வழக்கில் அமெரிக்காவில் 45 வருஷச் சிறைத் தண்டனை பெற்றார். பெப்பினோவைக் கொல்லச் சொன்னதற்காக இத்தாலிய நீதிமன்றம் அவருக்கு ஆயுள் தண்டனை கொடுத்தது 2002இல்தான். இருபத்து நான்கு வருஷம். அந்தத் தீர்ப்பைக் கேட்கும்போது ஃபெலீசியாவுக்கு வயது எண்பதைத் தாண்டிவிட்டது.

2004 ஏப்ரலில் அமெரிக்கச் சிறைக்காவலிலேயே பதலமெந்தி இறந்தார். அதே வருஷம் டிசம்பரில் ஃபெலீசியா அம்மா தன் வீட்டில் கண்ணை மூடினார். அந்த வீடு இப்போது நினைவில்லமாக இருக்கிறது. நூறு காலடி தள்ளியிருந்த பதலமெந்தியின் வீட்டையும் அரசு பறிமுதல் செய்து பொதுப் பயன்பாட்டுக்குக் கொடுத்துவிட்டது.