பூங்காக் கல்லில் சின்னத் தாத்தா பெயர் ஏறியது எப்படி?

குன்னூர்ப் பக்கம் எங்கள் ஊர்ப் பூங்காவில் படைவீரர் நினைவுத்தூண் ஒன்று உண்டு. இரண்டாம் உலகப் போரில் பர்மாவில் இறந்த என் சின்னத் தாத்தாவின் பெயர் அதில் விடுபட்டிருந்தது. இப்போது சேர்த்துவிட்டோம். எப்படிச் செய்தீர்கள் என்று அக்கம்பக்கத்து ஊர்க்காரர்கள் கேட்பதால் எழுதுகிறேன்.

இடம் பேரூராட்சியுடையது, தூணை எழுப்பியது முன்னாள் ராணுவத்தினர் சங்கம். இவரைக் கேட்டால் அவர், அவரைக் கேட்டால் இவர் என்று கொஞ்ச நாள் அலைந்தோம். கடைசியில் இரண்டுமே தேவைப்பட்டது: சங்கத்தின் பரிந்துரைக் கடிதம், அதன்பேரில் மன்றத் தீர்மானம்.

சங்கத் தலைவர் ஓய்வுபெற்ற சுபேதார். குடும்பக் கதையை நான் ஆரம்பித்ததுமே நிறுத்தினார். "நம்பர் இருக்கா தம்பி? பேரை வெச்சு பட்டாளத்துல ஆளைத் தேட முடியாது." உண்மைதான். ஒரே பெயரில் எத்தனையோ பேர், இனிஷியல்கூட இருக்காது. அவர் கேட்டது பட்டாளத்தில் ஒவ்வொருவருக்கும் தரும் படை எண்ணை. எங்களுக்கு அந்த நம்பர் கிடைத்தது சின்னப் பாட்டியின் டிரங்குப் பெட்டியில், அவர் வாங்கிவந்த குடும்பப் பென்ஷன் தாளில்.

பட்டாளம் என்றாலே எங்கள் மலையில் எல்லாரும் வெலிங்டனைத்தான் காட்டுவார்கள். அங்கிருப்பது மெட்ராஸ் ரெஜிமென்ட் மையம். சின்னத் தாத்தாவோ பயனீர் கோரில் இருந்தவர். துப்பாக்கியைவிட மண்வெட்டியை அதிகம் பிடித்த படை அது. அதன் மையம் பெங்களூரில். எந்தப் பிரிவில் இருந்தாரோ அந்தப் பிரிவின் ஆவண அலுவலகத்துக்குத்தான் எழுத வேண்டும். இது தெரியாமல் வெலிங்டன் வாசலில் போய் நிற்பவர்கள் நிறைய.

பெங்களூருக்கு மனு அனுப்பிவிட்டு, காமன்வெல்த் போர்க் கல்லறைகள் ஆணையத்தின் இணையதளத்திலும் தேடினோம். கட்டணம் கிடையாது. 1939 செப்டம்பர் 3 முதல் 1947 டிசம்பர் 31 வரை பணியில் இறந்த பிரிட்டிஷ் இந்தியப் படையினரும் அந்தப் பட்டியலில் வருவார்கள். நம்பரைத் தட்டியதும் ஆள் வந்துவிட்டார்: பதவி, இறந்த தேதி, அப்பா பெயர், ஊர்கூட இருந்தது. பர்மாவில் கல்லறை இல்லாமல் போனவர்களுக்காக ரங்கூனுக்கு அருகே தவுக்கியானில் எழுப்பிய நினைவிடத்தில் ஏறக்குறைய 27,000 பெயர்கள் உண்டு; அவற்றில் ஒன்று இவருடையது. அங்கே கல்லில் இருப்பவருக்குச் சொந்த ஊரில் மனு போட வேண்டியிருந்தது, போகட்டும். அந்தப் பக்கத்தை அச்செடுத்து பென்ஷன் தாள் நகலோடு வைத்ததும் சங்கம் கடிதம் கொடுத்தது. தீர்மானமும் மறுப்பில்லாமல் நிறைவேறியது.

கல்வேலைக்கு மேட்டுப்பாளையத்திலிருந்து ஆள் வந்தார். எங்கள் சரிவில் ஐப்பசி, கார்த்திகை மழை பலமாக இருக்கும், வெட்டிய எழுத்தில் பெயின்ட் நிற்காது என்று தை வரை தள்ளிப்போட்டார். அகர வரிசையில் சேர்க்க இடமில்லை, அடியில்தான் வெட்ட முடிந்தது. கண்ணுக்கு அவ்வளவு அழகாக இல்லை. புதுக்கல் வைக்கலாம் என்று யோசனை வந்தபோது நான்தான் வேண்டாம் என்றேன். செலவு எங்களுடையது.

1947க்குப் பிறகு போரில் இறந்தவர் என்றால் ஆணையத்தின் பட்டியலில் தேட வேண்டாம். 2019இல் திறக்கப்பட்ட டெல்லி தேசியப் போர் நினைவுச்சின்னத்தில் பெயர், பதவி, படைப்பிரிவு மூன்றையும் கல்லில் பொறித்திருக்கிறார்கள். அங்கிருந்து தொடங்குங்கள். மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்திலும் விசாரிக்கலாம், ஆனால் நம்பரோடு போங்கள்.